ரெண்டாம் நாள் மாவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சார். போன ஞாயித்துக்கிழமை உங்க சினிமா பக்கத்துல "ஸ்க்ரீம்"ங்கற இங்கிலீஷ் கொலைப் படத்தையும் அதோட ரெண்டாம் பாகத்தையும் வச்சு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, அதுல மொதல் படம் புது மாவு, ரெண்டாவது அதே மாவுல மறுநாள் ஊத்துன தோசைன்னு எழுதியிருந்தாரு உங்க கட்டுரையாளர். எங்க வீட்டுல சொல்லிப் பாத்தேன், எங்க வீட்டம்மா சிரிச்சிட்டாங்க, ரெண்டாம் நாள் மாவுலதானேங்க தோசை முறுவலா வரும், மொத நாளு இட்லிக்குத்தான் சரின்னாங்க. அதனால உதாரணம் தப்பா போச்சுன்னு மொதல்லயே சொல்லிடறேன், அதோட படத்தைப் பத்தியும் கொஞ்சம் பேசணும், கடிதம் நீளமா போனா வெட்டிக்குங்க.

நான் யாருன்னா, மஞ்சக்குப்பத்துல 93ல இருந்து பத்து வருஷம் வீடியோ கேசட் கடை வச்சிருந்தவன். டிவி, டெக்கு ரெண்டும் ராத்திரி வாடகைக்கு விடுவோம், கூட மூணு கேசட், பையன் சைக்கிள் கேரியர்ல கட்டி எடுத்துட்டுப் போய் மாட்டிக் குடுத்துட்டு வருவான், காலைல பாத்தா எவனும் ரீவைண்ட் பண்ணியிருக்க மாட்டான். இதை ஏன் சொல்றேன்னா ஸ்க்ரீம்ல ராண்டின்னு ஒரு பையன் வருவான் பாருங்க, அவனும் கேசட் கடையில வேலை செய்யறவன்தான். கொலைப் படத்துல உயிரோட இருக்கணும்னா என்னென்ன பண்ணக்கூடாதுன்னு பார்ட்டில எல்லாருக்கும் க்ளாஸ் எடுப்பானே, அவன். குடிக்கக் கூடாது, தப்புத்தண்டா கூடாது, தோ வந்துடறேன்னு சொல்லிட்டு தனியா போகக் கூடாது. அவனைப் பாத்த ஒடனே எனக்கு இது நம்மாளுடான்னு ஆயிடுச்சு, கடையில நானும் அப்படித்தான் கஸ்டமர் கிட்ட கதை அளந்துகிட்டு நிப்பேன்.

மொதல் படத்தை நான் பாத்த கதையே தனி. பாண்டியில எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சொல்தா குடும்பம் (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்களை அப்படித்தான் சொல்வாங்க), மகன் பாரிஸ்ல, ஆகஸ்ட் லீவுக்கு வரும்போது பையில நாலஞ்சு கேசட் இருக்கும். 98ல அப்படி வந்ததுதான் ஸ்க்ரீம். பிரெஞ்சு டப்பிங். அது பத்தாதுன்னு அங்க கலர் சிக்னல் செகாம் (SECAM) முறை, நம்ம டெக்கு பால் (PAL) முறை, ரெண்டுக்கும் ஒத்து வராது, போட்டா படம் கருப்பு வெள்ளையாத்தான் ஓடும். ஆக பாஷையும் தெரியல கலரும் தெரியல. அடுப்புல என்னமோ வெள்ளியா பூரி மாதிரி உப்பிகிட்டே போவுது, அந்தப் பொண்ணு போன்ல பேசிகிட்டே இருக்கு, அது உப்ப உப்ப எனக்கு வயித்த கலக்குது, அது பாப்கார்ன் பாக்கெட்டுன்னே பல வருஷம் கழிச்சுத்தான் தெரியும். ரத்தம் எல்லாம் கருப்பா வழியுது. இருந்தாலும் சார், அந்த மொதல் பதிமூணு நிமிஷம் ஒரு வார்த்தை புரியாம நான் கதவுத் தாழ்ப்பாளை ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டு வந்தேன். டிரூ பேரிமோர்தான் ஹீரோயின் போலன்னு நெனச்சுகிட்டு உக்காந்திருக்கேன், போஸ்டர்லயும் அவங்கதான் பெருசா இருப்பாங்க, ஆரம்பத்துலயே ஆளைக் காலி பண்ணிட்டாங்க. 1960ல ஹிட்ச்காக் சைக்கோவுல பண்ண வேலைதான், ஆனா அவரு முக்கா மணி நேரம் பொறுத்தாரு, ஸ்க்ரீம் டைரக்டர் வெஸ் க்ரேவன் அந்தப் பொறுமையும் காட்டல.

எங்க ஊர்ல இதை எப்படி வாடகைக்கு விடறதுன்னு தெரியாம முழிச்சேன். வர்றவங்க கேக்குற மொத கேள்வி, பேய் படமாண்ணே? பேய் இல்லைங்க, முகமூடி போட்ட ஆளு கத்தியோட வருவான். அப்ப சிகப்பு ரோஜாக்கள் மாதிரியா? அங்கதான் சிக்கல். சிகப்பு ரோஜாக்கள்ல, மூடுபனியில எல்லாம் கொலைகாரனுக்கு ஒரு பழைய காயம் இருக்கும், சின்ன வயசுல நடந்ததைக் காட்டுவாங்க, அதைப் பாத்துட்டு நமக்கு ஒரு பக்கம் பாவமா கூட இருக்கும். ஸ்க்ரீம்ல அந்த பிளாஷ்பேக்கையே கிண்டல் பண்றாங்க. காரணம் தெரியாம இருந்தாத்தான் பயம் ஜாஸ்தின்னு கொலைகாரனே சொல்றான், சொல்லிட்டு சரி கேக்குறியே இந்தான்னு ஒரு காரணத்தையும் குடுக்கறான், பக்கத்துல இருக்கிற இன்னொருத்தன் கூட்டாளிங்க சொன்னாங்க பண்ணேங்கற மாதிரி பதில் சொல்றான். இதை எழுதின கெவின் வில்லியம்சன் நம்ம ஊரு கஸ்டமரையே பாத்து எழுதின மாதிரி இருக்கும், என்ன காரணம் என்ன காரணம்னு நச்சரிக்கிறவனுக்கு குடுத்த பதில்.

இப்ப உங்க கட்டுரைக்கு வர்றேன். ரெண்டாம் பாகம் காசுக்காக அவசரமா எடுத்ததுன்னு ஒரே வரியில முடிச்சிருக்காரு. அவசரம்தான், இல்லைன்னு சொல்லல. மொதல் படம் 1996 டிசம்பர் 20, ரெண்டாவது 1997 டிசம்பர் 12, கணக்குப் போட்டா 357 நாள், ஒரு வருஷம் கூட முழுசா ஆகல. (அதே 96ல வந்த நம்ம இந்தியனுக்கு ரெண்டாம் பாகம் வர 28 வருஷம் ஆச்சு, நிதானமா எடுத்தா மட்டும் நல்லா வந்துடும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.) ஷூட்டிங் நடக்கும்போதே கதை இன்டர்நெட்ல கசிஞ்சு போய் அங்கங்க மாத்தி எழுத வேண்டியதா ஆச்சு. வசூல் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், உலகம் பூரா ஆளுக்கு 17 கோடி டாலருக்கு மேல. சரி, காசு பாத்தாங்க. ஆனா அந்த அவசரத்துலயும் ஒரு வேலை பண்ணியிருக்காங்க, அது உங்க கட்டுரையாளர் கண்ணுல படலை.

மொதல் படம் கிண்டல் பண்ணது சினிமாவை. ரெண்டாவது திரும்பி நம்ம பக்கம் வந்துடுச்சு, டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கிற நம்மளை.

ஆரம்பத்தையே எடுத்துக்குங்க. ஒரு தியேட்டர். மொதல் படத்துல நடந்த கொலைங்களை வச்சு "ஸ்டாப்"னு (Stab, கத்திக்குத்துன்னு அர்த்தம்) ஒரு சினிமா எடுத்திருக்காங்க, அதுக்கு ஸ்பெஷல் ஷோ, உள்ள வர்றவனுக்கெல்லாம் அந்த வெள்ளை முகமூடியும் கருப்பு அங்கியும் ஓசியில குடுக்கறாங்க. தியேட்டர் பூரா கொலைகாரன் வேஷம். ஒரே கூச்சல், பிளாஸ்டிக் கத்தியை ஆட்டிகிட்டு ஒருத்தன ஒருத்தன் தொரத்தறான். அங்க ஒரு ஜோடி, ஜேடா பிங்கெட், ஓமர் எப்ஸ். அவன பாத்ரூம்ல முடிச்சிட்டு அவன் சட்டையைப் போட்டுகிட்டு அவ பக்கத்துல வந்து உக்கார்றான் கொலைகாரன், அவ பயந்து போய் அவன் கையையே கட்டிப் புடிச்சுக்கறா. அப்புறம் குத்து விழுது. ரத்தத்தோட எழுந்து நடக்கறா, ஜனம் கைதட்டுது, படத்துக்கு விளம்பரம் பண்றாங்க போலன்னு. திரைக்கு முன்னாடி மேல ஏறி நின்னு கத்தறா, அப்பத்தான் ஒவ்வொருத்தனா முகமூடியைக் கழட்டறான்.

இதை நான் எதுல பாத்தேன் தெரியுமா சார், தியேட்டர் பிரிண்ட் சிடியில. அதுக்குள்ள கேசட் போய் சிடி வந்துடுச்சு, எவனோ எந்த ஊரு தியேட்டர்லயோ கேமராவை மடியில வச்சு எடுத்தது. ஸ்க்ரீனுக்குக் கீழ தலை தலையா தெரியும், ஒருத்தன் இருமுவான், ஒரு அம்மா எழுந்து குறுக்கால போவும். படத்துக்குள்ளயும் தியேட்டரு, அதை எடுத்த எடமும் தியேட்டரு, கத்தறது படத்துல இருக்கிறவனா இல்ல அந்த ஊரு ஜனமான்னு எனக்குப் பிரிக்கவே முடியல. ஒரு எடத்துல யாரோ சிரிச்சான், அவ குத்துப்பட்டு நடக்கும்போது. அது படத்துல உள்ள சிரிப்பா வெளிய உள்ள சிரிப்பான்னு ரிமோட்டைப் புடிச்சுகிட்டு மூணு தடவை பின்னாடி தள்ளித் தள்ளிக் கேட்டேன். அப்புறம் அதே படத்தை நல்ல பிரிண்ட்ல பாத்தேன், அந்த உதறல் எனக்கு வரல, உண்மையைச் சொல்லணும்ல.

உதறலுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அதுக்கு சில வருஷம் முன்னாடி பாண்டியில ஒரு தியேட்டர், பேரு வேணாம், மொத நாளு மொத ஷோ, ஓப்பனிங் சாங்கு. பேப்பர் பறக்குது, கற்பூரம் கொளுத்தறாங்க, முன்னாடி ரெண்டு வரிசை தள்ளி ஒருத்தர் ஆடறாரு. கையை காலை உதறி என்னா ஆட்டம்னு நாங்க பின்னாடி நின்னு விசிலு. நானும் அடிச்சேன். பாட்டு முடிஞ்சும் அவரு நிறுத்தல, அப்பத்தான் தெரிஞ்சுது ஆளுக்கு வலிப்பு. யாரோ சாவிக்கொத்தைக் குடுத்தாங்க, யாரோ சோடா வாங்கியாந்தாங்க, வெளிய தூக்கிட்டுப் போனோம், பொழைச்சிகிட்டாரு, திரும்ப உள்ள வந்து மீதிப் படத்தையும் பாத்துட்டுத்தான் போனாரு. (சாவி குடுக்கறதெல்லாம் தப்பு, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்னு எம் பொண்ணு இப்ப திட்டுது.) நான் அடிச்ச அந்த விசிலு எனக்கு இன்னும் காதுல இருக்கு. ஸ்க்ரீம் 2 ஆரம்பத்துல அந்த ஜனம் கைதட்டும்போது அதுல ஒருத்தன் நான்தான். மொதல் படம் எவ்ளோ கெட்டிக்காரத்தனமா இருந்தாலும் என்னை இப்படி உள்ள இழுத்துப் போட்டதில்ல.

இதைச் சொன்னா எம் பொண்ணு ஒத்துக்கறதில்ல. பாண்டியில காலேஜ், தெனம் கடலூர்ல இருந்து பஸ்ல போய்ட்டு வருது, போன மாசம் லீவுல ரெண்டு படத்தையும் லேப்டாப்ல அடுத்தடுத்து போட்டுப் பாத்தோம். யப்பா, நீ சொல்றது மொதல் படத்துலயே இருக்குப்பான்னு நிறுத்திக் காட்டுச்சு. கடைசி பார்ட்டி சீன், ராண்டி சோபாவுல உக்காந்து ஹாலோவீன் படம் பாத்துகிட்டு பின்னாடி பாரு பின்னாடி பாருன்னு டிவியில உள்ள பொண்ணுக்கு சொல்றான், அவன் முதுகுக்குப் பின்னாடியே கத்தியோட ஒருத்தன் நிக்கறான். அதை வெளிய நியூஸ் வேன்ல இருந்து ஒளிச்சு வச்ச கேமரா வழியா கேமராமேனும் ஹீரோயின் சிட்னியும் பாத்துகிட்டு ராண்டி பின்னாடி பாருன்னு கத்தறாங்க, ஆனா வேனுக்கு வர்ற படம் முப்பது செகண்ட் லேட்டு, அது ஞாபகம் வந்து இவன் வேன் கதவைத் திறந்தா இவன் கழுத்து போவுது. பாக்கறவன பாக்கறவன பாக்கறது. எம் பொண்ணு சொன்னது சரிதான், ரெண்டாம் பாகத்தோட விதை அந்த முப்பது செகண்ட்ல இருக்கு. விதை வேற மரம் வேறன்னு நான் கொஞ்சம் சமாளிச்சேன்.

அது கேட்ட இன்னொரு கேள்விக்கு என்கிட்ட பதிலே இல்ல. ஏம்பா, தெரியாத நம்பருன்னா எதுக்கு எடுக்கறாங்க? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு மொதல் படம் பயம் காட்டாததுக்கு இதுதான் காரணம். எங்க வீட்டுல லேண்ட்லைன் வந்தப்ப மணி அடிச்சா யாருன்னு எடுத்தாத்தான் தெரியும், ராத்திரி பத்து மணிக்கு மேல அடிச்சா யாரோ போய்ட்டாங்கன்னு அர்த்தம், எடுத்து அலோன்னா பேசாம மூச்சு மட்டும் விடற ப்ளாங்க் காலு வாரத்துக்கு ரெண்டு வரும். அந்த பயத்துலதான் மொதல் படம் நிக்குது. செல்போன் வச்சிருக்கிறதே சந்தேகம் அதுல, சிட்னியோட காதலன் பில்லி ஜன்னல் வழியா ஏறி வரும்போது செல்போன் கீழ விழுது, அதுக்கே போலீஸ் புடிச்சிட்டுப் போவுது. ரெண்டாம் பாகத்துல பாருங்க, சிட்னி ஹாஸ்டல் ரூம்ல போன் அடிக்குது, அதே குரல்ல ஒரு பையன் மிரட்டறான், அவ அலட்டிக்காம காலர் ஐடி மிஷினைப் பாத்து அவன் பேரைப் படிச்சு அனுப்பிடறா. ஒரு சின்ன சீன்தான், ஆனா அடிபட்டவ ஒரு வருஷம் எப்படி வாழ்ந்திருப்பான்னு அதுல முழுசா இருக்கு. இதை அவசரத்துல எடுத்த படம்னு எப்படி சார் தள்றது?

காலேஜ் க்ளாஸ்ல பசங்க உக்காந்து எந்த ரெண்டாம் பாகம் மொதல் பாகத்தை விட நல்லா இருக்குன்னு சண்டை போடற சீனும் இருக்கு, ஏலியன்ஸ், டெர்மினேட்டர் 2, கடைசியில காட்ஃபாதர் 2 வந்து வாயடைக்கும். அந்த எடம் எனக்கு கொஞ்சம் ஓவரா பட்டுச்சு, தன்னைத்தானே தட்டிக் குடுத்துக்கற மாதிரி. நம்ம ஊர்ல "தமிழ்ப் படம்"னு பேரு வச்சு வந்த படம் 2010லயும் அதோட ரெண்டாம் பாகம் 2018லயும் இதே மாதிரி சினிமாவை சினிமாவே கிண்டல் பண்ணுச்சு, விழுந்து விழுந்து சிரிச்சோம், ஆனா அதுல யாராவது செத்தா நமக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்க்ரீம்ல கிண்டலும் ஓடும், கையும் சில்லுன்னு ஆகும், அந்த ரெண்டையும் ஒண்ணா ஓட்டறதுதான் கஷ்டம்.

ராண்டியைப் பத்தி சொல்லாம முடிக்க முடியாது. ரெண்டாம் பாகத்துல அவனைக் கொன்னுட்டாங்க. அதுவும் பட்டப்பகல்ல, காலேஜ் புல்வெளியில, சுத்தி நூறு பேரு. கொலைகாரன் போன்ல இருக்கான், இங்கதான் எங்கயோ நின்னு பாக்கறான், டிவி நிருபர் கேலும் முன்னாள் போலீஸ்காரன் டூயியும் ஓடி ஓடி செல்போன் வச்சிருக்கவன் கையையெல்லாம் புடிச்சுப் பாக்கறாங்க, ராண்டி பேச்சுக் குடுத்துகிட்டே அவனை லைன்லயே நிறுத்தி வச்சிருக்கான், பின்னாடி நவுந்து நவுந்து அந்த நியூஸ் வேன் பக்கத்துல போயிடறான். கதவு திறக்குது. அந்த நேரம் பாத்து ஒரு கூட்டம் பெரிய டேப் ரிக்கார்டரை அலற விட்டுகிட்டு அந்தப் பக்கமா போவுது, உள்ள நடக்கறது ஒருத்தன் காதுலயும் விழல. எல்லா ரூல்ஸும் தெரிஞ்சவன், தனியா போகல, ராத்திரி இல்ல, குடிக்கல, எதுவும் ஒதவல. அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல, எங்க வீட்டுல கிண்டல் பண்ணாங்க, சொந்தக்காரன் செத்த மாதிரி உக்காந்திருக்கேன்னு. அந்த வருஷந்தான் கடையில வியாபாரம் படுத்துகிட்டு இருந்துச்சு, அதுவும் சேந்திருக்கலாம்.

குறையையும் சொல்லிடறேன், இல்லைன்னா ஒரு பக்கமா பேசறேன்னு எழுதுவீங்க. கடைசி அரை மணி நேரத்துல ரெண்டாம் பாகம் தடுமாறுது. மொதல் படத்துல கொலைகாரனுங்க ரெண்டு பேரும் ஆரம்பத்துல இருந்து நம்ம மூக்குக்கு முன்னாடியே சுத்தறாங்க, ஒருத்தனை, அதான் அந்த பில்லியை, புடிச்சு உள்ள போட்டு வெளியவும் விட்டாச்சு, இவன் இல்லைன்னு நம்மளையே நம்ப வச்சுட்டு அவன்தான்னு காட்டறாங்க, ரெண்டு பேருங்கறதால ஒருத்தன் நம்ம கண்ணு முன்னாடி இருக்கும்போதே போன் வருது. திரும்பப் போட்டுப் பாத்தா எல்லாம் சரியா பொருந்தும். ரெண்டாவதுலயும் அதே மாதிரி கொலைகாரங்க ரெண்டு பேரு, ஆளுங்க மட்டும் வேற. தெரிஞ்ச வித்தை. அதுல ஒருத்தன் சினிமா பாத்துக் கெட்டுப் போனேன்னு கோர்ட்ல சொல்லி டிவியில பிரபலம் ஆகணும்னு நெனக்கிறவன், சினிமாவால பசங்க கெட்டுப் போறாங்கன்னு பேசறவங்களை அழகா குத்தியிருக்காங்க, ஆனா அந்த ஆளுக்கு படத்துல எடமே பத்தல. இன்னொருத்தி மொதல் படத்துல செத்துப்போன பில்லியோட அம்மா, வேற பேருல லோக்கல் நிருபரா சுத்திகிட்டு இருந்திருக்கா. மொதல் படத்துல அவளை நம்ம கண்ணுலயே காட்டினதில்ல, அப்புறம் எப்படி கண்டுபுடிக்கிறது, அழுகுணி ஆட்டம்னுதான் நானும் ரொம்ப நாளு சொல்லிகிட்டு இருந்தேன்.

போன மாசம் திரும்பப் பாக்கும்போது ஒண்ணு கவனிச்சேன் சார். மொதல் படத்துல டிரூ பேரிமோர் கிட்ட போன்ல ஒரு கேள்வி கேப்பான், ஃப்ரைடே த தர்டீன்த் படத்துல கொலைகாரன் யாருன்னு. ஜேசன்னு சொல்லும் அந்தப் பொண்ணு. தப்பு, 1980ல வந்த மொதல் பாகத்துல கொன்னது ஜேசனோட அம்மா, ஜேசன் கொல்ல ஆரம்பிக்கிறதே ரெண்டாம் பாகத்துலதான். அந்த ஒரு தப்பு பதிலால பின்னாடி கட்டிப் போட்டிருக்கிற பையன் உயிரு போவுது. மகனுக்காக ஒரு அம்மா கத்தி எடுக்கறாங்கறதுதான் ஸ்க்ரீம் 2 முடிவே! மொதல் படத்து ஆரம்பத்துலயே விடையை நம்ம கிட்ட சொல்லிட்டாங்க. ராண்டி சாகறதுக்கு முன்னாடி போன்ல பில்லியை மட்டமா பேசுவான், அதனாலதான் அவனுக்கு அந்த வெறிக்குத்து, அதையும் அந்த அம்மா வாயாலயே சொல்லுது. அப்ப அழுகுணி ஆட்டம்னு முழுசா சொல்ல முடியாதுல்ல. எம் பொண்ணு அது தற்செயலா அமைஞ்சதுப்பான்னு சொல்லுது. எனக்கு அப்படித் தோணல.

மொத்தத்துல மார்க் போடச் சொன்னா மொதல் படத்துக்குத்தான் ரெண்டு மார்க் கூட, முடிவு கச்சிதமா இருக்கிறதால. ஆனா தியேட்டருக்குப் போய் விசில் சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வர்றது ரெண்டாவதுதான்.

கடைசியா ரெண்டு வேண்டுகோள். நீங்க இந்த மாதிரி படத்துக்கு எழுதும்போது கொலைகாரன் யாருன்னு தலைப்புலயே போட்டுடாதீங்க, நானே இங்க பூரா ஒடைச்சுட்டேன்தான், ஆனா படம் வந்து வருஷம் எத்தனை ஆச்சு. எங்க கடையில நூறாவது நாள் கேசட் அட்டையில எவனோ ஒரு புண்ணியவான் பால்பாயிண்ட் பேனாவால யாரு கொலைகாரன்னு எழுதி வச்சுட்டுப் போனான், அந்த கேசட்டை அதுக்கப்புறம் ஆறு மாசம் ஒருத்தரும் எடுக்கல.

இன்னொண்ணு, கட்டுரைக்கு மேல ரெண்டாம் பாகத்துல ஒரு காட்சின்னு ஒரு போட்டோ போட்டிருந்தீங்க, வெள்ளை ஸ்வெட்டர் போட்டுகிட்டு போன் புடிச்சுகிட்டு நிக்கிற பொண்ணு. அது மொதல் பாகம் சார், டிரூ பேரிமோர். ரெண்டாம் பாகத்துல படத்துக்குள்ள படமா அதே கேரக்டர்ல வர்றது ஹெதர் கிரஹாம். ஒரு திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
பழைய கேசட் கடைக்காரன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.